பாட்டுக்கு முன்னால் தாய்மாமன்கள்

— த்தூ! பக்கத்துல உக்காராதடா முசெங்கா. உன்னப் பாத்தாலே குமட்டுது.

— நியாயமாப் பேசு லொம்பே மச்சான். ரேடியோக்காரர்தான சொன்னாரு, "பாடறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்க"ன்னு?

— ஒரு வணக்கம்! நீ உங்கம்மால ஆரம்பிச்சு, தாய்மாமன் ஒவ்வொருத்தரா, அவங்க பொண்டாட்டி, பொண்டாட்டியோட தங்கச்சி, கசாமாவுல சைக்கிள் ரிப்பேர் பண்றவன் வரைக்கும் போனியேடா!

— அவரு எனக்கு மாமன் மொறை. பெரிய மாமனச் சொல்லிட்டு சின்ன மாமன விட்டா, நாளைக்கு என் கல்யாணத்துக்கு எவன் வந்து பேசுவான்? நியாயமாப் பேசு.

— கல்யாணமாம், கருமம்! நான் கிட்டார்ல மொதக் கம்பியத் தட்றேன், "அடுத்து செய்திகள்"னு ரேடியோக்காரன் லுசாக்கா ஸ்டேஷனுக்கு மாத்திட்டான். நாடு பூரா கேட்டது உன் சொந்தக்காரங்க பேரும் என்னோட ஒரு "டொய்ங்"கும்.

— ஹால்ல பிச்சு ஒதறினோமே மச்சான்! பொண்ணுங்க பெஞ்சு மேல ஏறி ஆடிச்சுங்க. ஹெட்மாஸ்டரே கால ஆட்டினாரு.

— வாய்ல கடலைய வெச்சுக்கிட்டுப் பேசாத, அருவருப்பா இருக்கு. ஹாலு எவனுக்குடா வேணும்? எங்கப்பா ஹால்லயா இருந்தாரு? "ரேடியோல உன் கிட்டார் கேட்டுச்சுன்னா பேண்டுக்கே போய்த் தொலை. கேக்கலன்னா பரீட்ச முடிஞ்ச கையோட சுரங்கத்துல எறங்கு"ன்னாரு. காலைல அவரு காறித் துப்பறதப் பாத்திருக்கியா? கன்னங்கரேல்னு இருக்கும். இனிமே நானும் அப்படித்தான் துப்பணும். நீ போய் மாமனுங்க வீட்ல கோழி தின்னு.

— கோழி எங்க கெடைக்கப் போவுது? நீ வந்து தோளப் புடிச்சு இழுத்ததுல ரெண்டு சின்ன மாமன விட்டுட்டேன். அவங்க இனிமே எங்க வாசப்படி மிதிக்க மாட்டாங்க.

— மிதிக்கட்டும், உன் மூஞ்சில... யாரு அது, ஸ்கூல் கேட்டுப் பக்கம்? சோலா அக்காவா?

— உங்கக்காதான். சைக்கிளத் தள்ளிக்கிட்டு வருது. மூஞ்சியே சரியில்ல.

— அக்கா! அப்பா கேட்டாரா? ஒரு தட்டாச்சும் காதுல விழுந்துச்சா?

— மூச்சு விடறேன் இருடா. பீர் ஹால்லேருந்து நேரா வர்றேன். அப்பா கோட்டு போட்டுக்கிட்டு வந்திருந்தாரு. இந்த வெயில்ல! ரேடியோவ மேசை நடுவுல வெச்சு, "என் மவன் வாசிக்கப் போறான், எவனாச்சும் வாயத் தொறந்தீங்க..."ன்னு மொத ஆளா உக்காந்திருந்தாரு.

— வந்தது இவன் மாமனுங்க!

— ஆமா. பேரு வந்த வீட்டுக்காரங்க எல்லாம் எழுந்து ஒரு ஆட்டம் போட்டாங்க. அப்பா ஒவ்வொரு பேருக்கும் கோட்டுப் பொத்தான இழுத்து விட்டுக்கிட்டாரு, அடுத்தது தன் பேருதான்னு. கிட்டார மறந்தே போனாரு மனுஷன்.

— கேட்டியாடா நாயே? ஊர்ல போறவன் வர்றவன் பேரெல்லாம் சொன்ன, எங்கப்பன் பேரச் சொல்ல உன் வாய்க்கு வலிச்சுதா?

— மச்சான், நியாயமா... நான் சொல்லத்தான் வந்தேன். நீதான்...

— வாய மூடு! அக்கா, அப்பா இவன என்ன சொன்னாரு? நல்லாத் திட்டினாரா?

— இவன எதுக்குத் திட்டணும்? கோட்டக் கழட்டி மடிச்சாரு, எழுந்து போயிட்டாரு. அவரு காதுல விழுந்தது உன் கொரலுடா.

— என் கொரலா? நான் எங்க ரேடியோல பேசினேன்?

— மைக்குக்கிட்ட வந்து பேசினியே. பீர் ஹாலே கேட்டுச்சு, அவ்வளவு தெளிவா: "நேரமாவுது, எங்கப்பன் பேரெல்லாம் ஒண்ணும் வேணாம், விட்டுத் தொலைடா."