படகை அணை

பாதர், இந்தக் கதிரை கொஞ்சம் ஆடுகிறது. ஒரு காலுக்குக் கீழே மட்டைத்துண்டை மடித்து வைத்தால் சரியாகிவிடும். எழும்பும்போது நானே செய்துவிடுகிறேன்.

ஆன்சலாவைப் பற்றிச் சொல்ல வந்தேன். அவளுடைய தகப்பன் கிறகோரி ஐயா போன கார்த்திகையில் கடலில் இறந்தார். தான் எழுதிய ஒரு வரிதான் அப்பாவைக் கொன்றது என்று அவள் நம்புகிறாள். முல்லைத்தீவுக் கரை முழுக்க அப்படித்தான் கதை. அந்த வரியை எழுதியது அவள்தான், அது உண்மை. மிச்சம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

என் வேலையை இலகுவாகச் சொல்கிறேன். கிளிநொச்சியில் ஒரு டயர்க்கடைக்கு மேல்மாடியில் ஜெயந்தன் அண்ணையின் சின்னக் கொம்பனி. மீன்பிடிப் படகில் பூட்டுகிற ஒரு பெட்டி செய்தோம். படகு நிற்கும் இடத்தை நிமிடத்துக்கு ஒரு தரம் கரைக்கு அனுப்பும். காற்றுக் கூடினால் சிவப்பு விளக்குப் போட்டு, சத்தம் எழுப்பி, திரும்பச் சொல்லும். பெட்டியின் அடிவயிற்றை நான் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினேன். வேகமான மொழி, பழகாதவர் தொட்டால் எல்லாம் விழுந்துவிடும். எந்தக் காற்றுக்கு என்ன செய்வது என்ற விதிகளை மட்டும் கடல் தெரிந்த ஆள் எழுதட்டும் என்று, மேலே இலேசான ஒரு ஸ்கிரிப்ட் மொழியை வைத்தோம். சொற்கள் எல்லாம் தமிழில். கடல் தெரிந்த ஆள் ஆன்சலா.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு வேண்டும். கீழே 'படகு' என்று நான் செய்து வைத்திருக்கும் பொருளை, மேலே இருந்து அவள் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தப் பொருள் செய்கிற வேலைகளில் எதை மேலே காட்டுவது, எதை மறைப்பது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுப்பதுதான் முறை. நான் ஒரே வரியில் எல்லாவற்றையும் காட்டிவிட்டேன். நாற்பத்தொரு வேலைகள். அதில் ஒன்று, பற்றரி மாற்றும்போது பெட்டியை முழுதாக நிறுத்துவது. எங்கள் மேசையை விட்டு வெளியே போகக் கூடாதது. அதற்கு 'அணை' என்று பெயர் வைத்திருந்தேன். வயல் ஊரான பூவரசங்குளத்தில் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'நிப்பாட்டு' என்றுதான் சொல்வோம். அது பாடப்புத்தகத் தமிழ்.

கரையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்று உங்களுக்குத் தெரியும். வள்ளத்தை அணை என்றால், கரைக்குக் கொண்டுவா.

ஆன்சலா எழுதியது இதுதான்: காற்று நாற்பதைத் தாண்டினால், படகு.அணை. உண்மையில் கரைக்குக் கூப்பிடுகிற வேலைக்கு நான் வைத்த பெயர் 'எச்சரிக்கை நிலை இரண்டு'. அதை எந்தக் கடற்காரர் தேடிப் பிடிப்பார்?

வாசித்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. புது வரிகளை நான் பார்த்து 'சரி' என்று குறித்தால்தான் அவை பெட்டிக்குப் போகும். அது ஒரு வியாழக்கிழமை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அன்று காலைதான் அவள் என் பிழை ஒன்றைப் பிடித்திருந்தாள். ஸ்கிரிப்ட் வேண்டாமென்று எறிந்த ஒரு பொருளை, கீழே என் கோட் இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டி அடிக்கடி இயங்காமல் விழுந்ததற்கு அதுதான் காரணம். மூன்று கிழமையாக நான் தேடியதை அவள் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கண்டுபிடித்தாள்.

"செந்தூரன் அண்ணை, செத்த மீனை இன்னும் தூண்டில்ல வச்சு இழுத்துக்கொண்டு நிக்கிறியள்," என்றாள். "வயல்காரரைக் கடலுக்கு விட்டா இப்பிடித்தான்."

ஜெயந்தன் அண்ணை கதிரையில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். "அவளிட்டக் கேட்டுப் படியடா," என்றார்.

நானும் சிரித்தேன். பின்னேரம் அவளுடைய வரிக்குச் 'சரி' போட்டேன். திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் பரிசோதிக்கும்போது பெட்டி பொத்தென்று நின்றுவிடும். அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். அவ்வளவுதான் பாதர் என் எண்ணம். ஒரு பகிடி.

திங்கட்கிழமை பரிசோதனை நடக்கவில்லை. வாடைக்காற்று தொடங்கமுதல் பூட்டித் தாருங்கள் என்று மீனவர் சங்கத்தில் அவசரப்படுத்தினார்கள். ஆறு படகுகளுக்குப் பூட்டினோம். முதலாவது கிறகோரி ஐயாவுடையது.

"என்ர பிள்ளை செய்த பெட்டி. காத்து வரமுன்னம் கத்தும்," என்று பக்கத்துப் படகு அனிஸ்ரனுக்குக் காட்டினார்.

நான் குனிந்து ஆணி முடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகேன் சரி போட்டாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பிறகு மூன்று கிழமை காற்று நாற்பதைத் தொடவில்லை. தொடாமலே இருந்துவிடும் என்று நினைக்கப் பழகிக்கொண்டேன்.

பிறகு அந்த நாள் வந்தது. காலை பத்து நாற்பதுக்குக் காற்று நாற்பதைத் தாண்டியது, என் திரையில் படகுகளைக் காட்டிய ஆறு புள்ளிகளும் ஒன்றாக மறைந்தன. ஐந்து படகுகள் வானத்தின் நிறத்தைப் பார்த்தே திரும்பிவிட்டன. ஐயா மட்டும், "பெட்டி இன்னும் கத்தேல்லைத் தம்பி, இன்னொருக்கா வலையை இழுத்திட்டு வாறன்," என்று அனிஸ்ரனுக்குக் கையைக் காட்டினாராம். அவரோடு போகிறவருக்குக் காய்ச்சல். தனியாகத்தான் நின்றார்.

புள்ளி திரையிலிருந்து போனாலும் படகு கடைசியாக நின்ற இடம் பதிவில் இருக்கும். எடுக்க அரை நிமிடம். ஆனால் அந்தப் பதிவின் கடைசி வரியில், பெட்டியை நிறுத்திய கட்டளையும் இருக்கும். அதைத் தேடிப் போனால் கதவைத் திறந்தவன் பெயர் இருக்கும், சரி போட்டவன் பெயர் இருக்கும். இரண்டும் என் பெயர்.

ஆன்சலா அன்று லீவு. கரையிலிருந்து போன் எடுத்தாள். காற்றின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"அண்ணை, அப்பான்ர புள்ளி எங்க? தேடப் போற போட்டுகள் வெளிக்கிட்டு நிக்குது. கடைசியா நிண்ட இடத்தை மட்டும் சொல்லுங்கோ."

"சேர்வர் திறக்குதில்லை. கொஞ்சம் பொறும், பாக்கிறன்," என்றேன்.

ஜெயந்தன் அண்ணையை மோட்டார் சைக்கிளில் முல்லைத்தீவுக்கு அனுப்பிவைத்தேன். பிறகு அவசரப்படாமல் ஆறுதலாக இருந்து வேலை செய்தேன். எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று ஒரு வரலாறு வைத்திருப்போம். அதில் கதவைத் திறந்த வரிக்கு நேரே அவளுடைய பெயரைப் போட்டேன். என்னுடைய 'சரி'யை எடுத்தேன். நாளும் நேரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. ஆனால் நான் கவனமான ஆள், இன்னும் இரண்டு தரம் சரிபார்த்தேன். நடுவில் அவள் ஒன்பது தரம் போன் எடுத்தாள். ஒன்பது தரமும் மறுமொழி சொன்னேன். ஒருமுறைகூட எடுக்காமல் விடவில்லை.

ஒன்று ஐம்பதுக்கு இடத்தைக் கொடுத்தேன். மூன்று மணிக்கு முன்னரே அனிஸ்ரன் அவரைக் கண்டுவிட்டான். வெறும் எண்ணெய்க் கான் ஒன்றோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மிதந்திருக்கிறார்.

"கை இன்னும் விறைக்கேல்லை அண்ணை," என்று அவன் என்னிடம்தான் சொன்னான். "கொஞ்சம் முந்தி இடம் தெரிஞ்சிருந்தா..."

மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமும். அதை நான் எண்ணிப் பார்க்காத நாள் இல்லை. மீன் தொண்டையால் இறங்குவதில்லை. நான் மச்சம் விட்டுச் சைவமாகிவிட்டதாக வீட்டில் நினைக்கிறார்கள்.

அடக்கம் முடிந்த அடுத்த கிழமை அந்த வரலாற்றை அவளுக்குத் திறந்து காட்டினேன்.

"கதவைத் திறந்ததும் நானோ? எனக்கு ஞாபகமே இல்லையே," என்றாள்.

"வேலை நெருக்கடியில எல்லாருக்கும் வாறதுதான்," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கொம்பியூட்டரைத் தொடவில்லை. ஆனால் நான் அவளைக் கைவிடவில்லை பாதர். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்தேன். ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அவளுடைய வீட்டு வாசலில் நின்ற ஒரே ஆள் நான்தான். மாசியில் அவள் என்னை 'அண்ணை' என்பதை விட்டாள். சித்திரையில் நீங்கள் எனக்கு ஞானஸ்நானம் தந்தீர்கள். வாற மாதம் எங்கள் கல்யாணம்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின பாவங்கள் தண்ணீரோடு போய்விட்டன, அவற்றைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று வகுப்பில் படிப்பித்தீர்கள். இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆகவே இவ்வளவு நேரமும் சொன்னது உங்களுக்கு விளங்குவதற்காக மட்டும். பாவமாகச் சொல்ல வந்தது நேற்று நடந்தது.

நேற்று அவள் கேட்டாள்: "அப்பாவைச் சாகடிச்சவள் எண்டு தெரிஞ்சும்தானே கட்டப்போறியள்? ஒரு நாளைக்குக் கோவத்தில சொல்லிக் காட்டமாட்டியளே?"

"நான் உம்மை எப்பவோ மன்னிச்சிட்டன்," என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் ஆறுதலாக அழுது நான் பார்த்தது நேற்றுத்தான்.

மன்னிக்கிற அதிகாரம் உங்களுடையது, பாதர். அதை நான் கையில் எடுத்திருக்கக் கூடாது. அந்தப் பெருமை ஒன்றுதான் என் பாவம். அதற்கு எத்தனை செபம் சொல்ல வேண்டும்?