பெயிண்ட் அடித்த அன்று நின்ற பட்டியல்

என் பெயர், வயது, முகவரி முதல் தாளில் உள்ளன. நான் மருத்துவமனைச் செவிலியர். எங்கள் சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலை நானே நடத்துவதால் என்னைத் தபால்காரி என்பார்கள். நேற்று முதல் இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருப்பவர் என் கொழுந்தன்.

பட்டியலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினால் உறுப்பினர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போகும். சர்வர் எங்கள் சொந்த இயந்திரம். உள்ளே எவனாவது புகுந்தாலும் மொத்த இயந்திரமும் அவன் கைக்குப் போகக்கூடாது என்று, இயந்திரம் முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரம் இல்லாத என் சாதாரணக் கணக்கிலேயே, கண்டெய்னர்கள் எனப்படும் தனித்தனி அடைப்புகளுக்குள் பட்டியலின் நிரல்கள் எல்லாம் ஓடும்படி கொழுந்தன் அமைத்தார். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து நான் வெளியேறினால் கண்டெய்னர்களும் நின்றுவிடும். நிற்காதிருக்க ஒரே ஒரு தடவை ஒரு கட்டளை கொடுக்க வேண்டும்.

"அண்ணி, அந்தக் கட்டளையைப் போட்டீங்களா?" என்று அவர் கேட்டார். நான் வீம்புக்கு, "போட்டாச்சு" என்றேன். போடவில்லை. அதன் பிறகு அவர் மறுபடி கேட்டபோது வீட்டில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அன்றே கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். மருத்துவமனை ஓய்வறையில் என் மடிக்கணினி அந்தக் கணக்கைத் திறந்தபடியே கிடந்ததால் ஏழு மாதம் குட்டு வெளிப்படவில்லை.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு ஓய்வறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆட்கள் வந்ததால், கணக்கிலிருந்து வெளியேறி, மடிக்கணினியை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அதன் பிறகு ஏழு மணிக்குச் செயலாளர், பன்னிரண்டு மணி நேர ஷிப்டை எதிர்த்து வாக்களிக்க மறுநாள் காலை பத்து மணிக்கு வரும்படி பட்டியலுக்கு எழுதியிருக்கிறார். வாய்வழியாகக் கேள்விப்பட்ட பதினாறு பேர்தான் வந்தார்கள். கோரத்துக்கு, அதாவது வாக்கெடுப்புக்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு, ஆள் இல்லாமல் தீர்மானம் விழுந்தது. நான் வார்டில் வேலையாக இருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு நான் கணக்கில் நுழைந்ததும் கண்டெய்னர்கள் தாமாக ஓடத் தொடங்கி, தேங்கியிருந்த அழைப்பு எல்லோருக்கும் போனது. அதன் பிறகு, யாரோ வேண்டுமென்றே பிடித்து வைத்ததாகச் செயலாளர் புகார் கொடுக்க, என்னோடு சண்டை போட்டவர் என்று கொழுந்தனை அழைத்து வந்தார்கள்.

இன்று காலை சர்வரின் பதிவுகளைப் பார்த்தேன். நான் வெளியேறிய நொடியும் பட்டியல் நின்ற நொடியும் ஒன்றே. அதன் நகலைத் தருகிறேன். உறுப்பினர்களின் முகவரிகளைத் தரமாட்டேன்.

"இதெல்லாம் எழுதினா பழி உங்க தலைலதான் விழும்மா" என்றார் ஆய்வாளர்.

"விழட்டும் சார். அவர மொதல்ல வீட்டுக்கு அனுப்புங்க" என்றேன்.

அதன் பிறகு, எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். "போட்டாச்சு" என்று நான் பொய் சொன்ன இடம் விடுபட்டிருந்தது. அதைச் சேர்க்கச் சொல்லி, சேர்த்த பிறகே எல்லாம் உண்மை என்று கையெழுத்திட்டேன்.