மூன்றெழுத்துக்கு நாற்பத்தொரு அர்த்தம்

நாத்தனார்: …பதினேழு. எலும்பை அதன் இடத்தில் பொருத்து. முற்றுப்புள்ளி.

அண்ணி: சரி.

நாத்தனார்: பதினெட்டு. மோதிரம் முதலியவற்றில் கல் பதி. முற்றுப்புள்ளி.

அண்ணி: சரி.

நாத்தனார்: பத்தொன்பது. சிமெண்ட் முதலியவை இறுகு. முற்றுப்புள்ளி.

அண்ணி: சரி. மேல போ.

நாத்தனார்: இருங்க அண்ணி, மூச்சு விட்டுக்கறேன். எலும்பு, கல்லு, சிமெண்ட்டு… இங்கிலீஷ்ல 'செட்'டுன்னு மூணே எழுத்து. அது தலையில இவ்வளவு வேலையா? இந்த வீட்டுல உங்களைப் பாக்கற மாதிரியே இருக்கு.

அண்ணி: இன்னும் பாதிகூட வரல. மொத்தம் நாப்பத்தொண்ணு. இங்கிலீஷ்காரன் சோம்பேறி. ஒரே வார்த்தையைக் கூப்பிட்டு எல்லா எடத்துக்கும் போயிட்டு வான்னு அனுப்பிட்டான். படி.

நாத்தனார்: படிக்கறேன். திங்கட்கிழமை கண்ணாஸ்பத்திரிக்கு வரேன்னு சொல்லுங்க, படிக்கறேன்.

அண்ணி: உன் கையில இருக்கறது அகராதி ஆசிரியர் எழுதினது. என் கையில இருக்கறது பிரஸ்ல அச்சடிச்ச புரூஃப். நீ அதைப் படிக்கணும், நான் இதைப் பாத்துத் திருத்தணும். நடுவுல திங்கட்கிழமை எங்க வந்துது?

நாத்தனார்: ரெண்டு தேதி குடுத்து ரெண்டையும் விட்டுட்டீங்க. புரை முத்திட்டா ஆபரேஷன் கஷ்டம்னு டாக்டரம்மா என்னைப் பாத்துத்தான் சொன்னாங்க. உங்களைப் பாத்துச் சொல்லிப் பிரயோஜனம் இல்லைன்னு அவங்களுக்கே தெரிஞ்சு போச்சு.

அண்ணி: லேசா மங்கல். அவ்வளவுதான். இப்ப முடியாதுன்னு காலையிலயே சொல்லிட்டேன். நாலு மணிக்கு பிரஸ்காரர் வந்துடுவார்… இருபது.

நாத்தனார்: பிடிவாதம். இருபது. மேஜையில் தட்டு, கோப்பை முதலியவற்றை எடுத்து வை. முற்றுப்புள்ளி.

அண்ணி: சரி.

நாத்தனார்: இருபத்தொண்ணு. கடிகாரத்தில் நேரம் குறி. முற்றுப்புள்ளி. இருபத்திரண்டு. ஒன்றாகச் சேர்ந்த பொருள்களின் தொகுதி… பல் செட்டு இதுலயா அண்ணி வரும்?

அண்ணி: பின்ன, தனியாவா முளைக்கும்?

நாத்தனார்: பம்பு செட்டு?

அண்ணி: அதுவும் இதுலதான்.

நாத்தனார்: அப்ப 'செட் ஆகல'?

அண்ணி: எது?

நாத்தனார்: ரெண்டு பேருக்கு ஒத்துவரலைன்னா சொல்றோமே. எங்களுக்குள்ள செட் ஆகலன்னு.

அண்ணி: அது வராது. இங்கிலீஷ்ல அந்த அர்த்தமே கிடையாது. நாமளா போட்டுக்கிட்டது.

நாத்தனார்: கிடையவே கிடையாதா?

அண்ணி: நாப்பத்தொண்ணையும் தேடிப் பாரு… என்னடி, சத்தத்தையே காணோம்.

நாத்தனார்: இல்ல… என் வீட்டுக்காரர்கிட்ட நான் கடைசியாச் சொன்னது அதுதான். ஒரு கையில பெட்டி, ஒரு கையில செருப்பு. வாசல்ல நின்னு சொன்னேன். இத்தனை அர்த்தம் இருக்கு, இல்லாத ஒண்ணைத் தேடிப் புடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன் பாருங்க.

அண்ணி: அவருக்குப் புரிஞ்சுதா?

நாத்தனார்: நல்லாப் புரிஞ்சுது. கதவைச் சாத்திட்டார்.

அண்ணி: அப்புறம் என்ன. புரிஞ்சா அர்த்தம் இருக்குன்னுதானே கணக்கு.

நாத்தனார்: …ஆறு மாசம் ஆச்சு அண்ணி.

அண்ணி: ஆகட்டுமே. உன்னை யாராவது நாள் எண்ணச் சொன்னாங்களா?

நாத்தனார்: நானே எண்ணிக்கறேன். நாலு எடத்துல வேலை கேட்டேன். முன்னாடி என்ன பண்ணீங்கன்னு கேக்கறாங்க. எங்க அண்ணிக்குப் படிச்சுக் காட்டறேன்னேன். ஒருத்தர் சிரிச்சே சிரிச்சுட்டார்.

அண்ணி: சிரிச்சா பல்லு தெரியும், வேற என்ன. செட்டா இருந்தாலும் இருக்கும். படி.

நாத்தனார்: உங்ககிட்ட அழக்கூட முடியாது. இருபத்திமூணு. வானொலி, தொலைக்காட்சிப் பெட்டி. முற்றுப்புள்ளி. இருபத்துநாலு… நாடக மேடை அமைப்பு. முற்றுப்புள்ளி. இருபத்தஞ்சு. டென்னிஸ் ஆட்டத்தின் ஒரு பகுதி. முற்றுப்புள்ளி.

அண்ணி: சரி. சரி.

நாத்தனார்: இருபத்தாறு. சூரியன் மறை. முற்றுப்புள்ளி. இருபத்தாறு. கோழி அடைகா. முற்றுப்புள்ளி.

அண்ணி: நில்லு. இருபத்தாறு ரெண்டு தடவை விழுந்திருக்கு. கோழி இருபத்தேழு. குறிச்சுட்டேன்.

நாத்தனார்: எங்க குறிச்சீங்க?

அண்ணி: இதோ, ஓரத்துல. கோழிக்கு நேரா.

நாத்தனார்: அண்ணி.

அண்ணி: என்ன?

நாத்தனார்: அந்தத் தாள்ல கோழியே இல்ல. அது நேத்துப் பக்கம். எப்பவும் புரூஃப் ரெண்டு பிரதி வரும், இன்னிக்கு ஒண்ணுதான் அனுப்பியிருக்காங்க. அது என்கிட்ட இருக்கு. உங்க கையில ஏதாவது இருக்கணுமேன்னு நேத்துத் திருத்தினதையே எடுத்து வச்சேன். நீங்க பாத்துட்டுத் திட்டுவீங்கன்னு நினைச்சேன் அண்ணி… சத்தியமா, திட்டணும்னுதான் வேண்டிக்கிட்டேன். நீங்க இருபத்தாறு தடவை சரி போட்டுட்டீங்க.

அண்ணி: தாள் கொஞ்சம் கசங்கலா இருக்கேன்னு பாத்தேன்.

நாத்தனார்: விளையாடாதீங்க. எத்தனை நாளா இப்படி?

அண்ணி: வரி தெரியும். எழுத்துதான் தெரியாது.

நாத்தனார்: எத்தனை நாளான்னு கேட்டேன்.

அண்ணி: நீ எத்தனை நாளா புரூஃபைப் பாத்துப் படிக்கறியோ, அத்தனை நாளா.

நாத்தனார்: …உங்களுக்குத் தெரியுமா?

அண்ணி: கமாவைக்கூட அளந்து வைக்கற மனுஷன் அந்த ஆசிரியர். அவர் கையால எழுதினதுல இருபத்தாறு ரெண்டு தடவை வருமாடி? நீ அவர் எழுத்தைப் படிச்சா என் காதுல பிழையே விழக் கூடாது. தினமும் அஞ்சாறு விழுந்துது. அப்பவே தெரிஞ்சு போச்சு, இந்த அம்மா ஒரு கையில புரூஃபும் இன்னொரு கையில அவர் கையெழுத்துப் பிரதியும் வச்சுக்கிட்டு ரெண்டு வேலையும் தானே பாக்கறான்னு.

நாத்தனார்: நீங்க காதால புடிச்சுட்டு, கண்ணால பாத்த மாதிரியே சொல்வீங்க. நானும் 'ஆமா அண்ணி, எனக்குத் தோணவே இல்ல'ன்னு…

அண்ணி: நல்லா நடிச்ச. நான் கண்ட எடத்துல குறிச்சதையெல்லாம் அப்புறம் அழிச்சு, சரியான எடத்துல குறிச்சு அனுப்புவ.

நாத்தனார்: அதுவுமா தெரியும்?

அண்ணி: மேஜை பூரா ரப்பர் தூள். கண்ணுதானே போச்சு, கை இருக்கே… ஏய். மூக்கை உறிஞ்சாத, புரூஃப் நனையும்.

நாத்தனார்: தெரிஞ்சுக்கிட்டே ஏன் அண்ணி இழுத்தடிச்சீங்க? முதல் தேதிக்கே போயிருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும். பயமா?

அண்ணி: பயம் இல்லாம? கண்ணுல கத்தி வைக்கப் போறாங்க, பூவா வைக்கப் போறாங்க? ஆனா அதுக்காக இல்ல.

நாத்தனார்: அப்ப வேலை போயிடும்னா? நீங்க திரும்பி வரதுக்குள்ள பிரஸ்ல வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னா?

அண்ணி: மணி என்ன?

நாத்தனார்: மூணேகால். பேச்சை மாத்தாதீங்க.

அண்ணி: மாத்தல. முதல்ல இந்தப் பக்கத்தை முடி. ரெண்டையும் நீயே பாரு, நான் காது மட்டும் குடுக்கறேன். இன்னிக்கு ஒரு பிழைகூடத் தப்பக் கூடாது. இன்னிக்கு மட்டும் கூடவே கூடாது.

நாத்தனார்: ஏன் இன்னிக்கு மட்டும்?

அண்ணி: கோழி வரைக்கும் வந்தாச்சு. படிடி.

நாத்தனார்: …இருபத்தேழு. கோழி அடைகா. முற்றுப்புள்ளி. இருபத்தெட்டு. முன்மாதிரியாக நட. முற்றுப்புள்ளி. இருபத்தொன்பது. பாட்டுக்கு இசையமை. முற்றுப்புள்ளி…

அண்ணி: ம்.

நாத்தனார்: …முப்பத்தஞ்சு. பாடம், வேலை முதலியவற்றைக் கொடு…

அண்ணி: ம். ம்.

நாத்தனார்: …நாப்பது. ஒருவர் மேல் நாயை ஏவு. முற்றுப்புள்ளி. நாப்பத்தொண்ணு. முடிவாக உறுதிகொண்ட. முற்றுப்புள்ளி. அவ்வளவுதான். மொத்தம் மூணு பிழை. குறிச்சாச்சு.

அண்ணி: நாலு. முப்பத்தஞ்சு முடியறப்ப நீ முற்றுப்புள்ளின்னு சொல்லல.

நாத்தனார்: சொன்னேனே… இருங்க. அட, ஆமா. இங்க புள்ளி விழல.

அண்ணி: வை. இன்னொரு தடவை மேலேருந்து கீழ வரைக்கும் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கோ. அவசரமே இல்ல.

நாத்தனார்: …

அண்ணி: …

நாத்தனார்: பாத்துட்டேன். வேற இல்ல.

அண்ணி: நிச்சயமா?

நாத்தனார்: நிச்சயமா. வாசல் மணி அடிக்குது பாருங்க, பிரஸ்காரர்தான். நீங்க உக்காருங்க, நான் குடுத்துட்டு வரேன்.

அண்ணி: வேண்டாம், குடு இப்படி. அவர் கொண்டு வர நோட்டுல நான்தான் எழுதணும்.

நாத்தனார்: கோடே தெரியாதே, எங்க எழுதுவீங்க?

அண்ணி: என் விரலைப் புடிச்சுக் கட்டத்துல வச்சுடுவார். கையெழுத்துக்குக் கண்ணு எதுக்கு?

நாத்தனார்: அப்ப அவருக்கும் தெரியுமா? இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் ஒண்ணும் தெரியாதா?

அண்ணி: உன் அண்ணனுக்கும் தெரியாது. துணைக்கு ஆள் இருக்கு.

நாத்தனார்: நகர மாட்டேன். திங்கட்கிழமை வரீங்களா, இல்லையா? பதில் சொல்லாம இந்தக் கதவைத் தாண்ட முடியாது.

அண்ணி: வரேன்.

நாத்தனார்: …என்னது?

அண்ணி: வரேன்னு சொன்னேன். காதும் போச்சா உனக்கு?

நாத்தனார்: காலையில முடியாதுன்னீங்க. ஆறு மணி நேரத்துல என்ன மாறிப்போச்சு?

அண்ணி: காலையில தொண்ணூத்தொன்பதுதான் ஆகியிருந்தது.

நாத்தனார்: எது தொண்ணூத்தொன்பது?

அண்ணி: பக்கம். நடுவுல விடாம, பிழை இல்லாம நூறு பக்கம் புரூஃப் படிச்சவங்களைத்தான் பிரஸ்ல நிரந்தரமா வேலைக்கு வச்சுக்குவாங்க. அந்த நோட்டுல 'படித்தவர்'னு ஒரு கட்டம் உண்டு. நீதான் படிக்கறேன்னு தெரிஞ்ச நாள்லேருந்து அதுல நான் என் பேரை எழுதல… கதவை விடு, வெயில்ல நிக்கறார். நூறாவது தடவையா உன் பேரை எழுதிட்டு வந்துடறேன்.