இரண்டாவது தென்மேற்கு

கண்ணாடி போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதைக் கழற்றத் தெரியாது, மேடம். ஒற்றைக் கையால் இழுப்பார்கள். ஆறே மாதத்தில் சட்டம் கோணிவிடும். உங்களுடையதும் இடது பக்கம் இறங்கித்தான் இருக்கிறது. கடைக்கு வந்தால் இரண்டு நிமிடத்தில் நிமிர்த்திக் கொடுப்பேன். எட்டு வருடமாக அதுதான் என் வேலை.

தம்பி எங்கே என்றுதானே விசாரிக்கிறீர்கள். தெரியாது, மேடம். எங்களுக்குள் ஒன்பது வயது வித்தியாசம். அப்பா இல்லை. அம்மா நர்ஸ், ஷிப்டு ஷிப்டாக ஓடியவர். அவனுக்குத் தலை வாரியது, பள்ளிக் கூட்டங்களுக்குப் போனது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான். சொல்லிக்காட்டவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

இல்லாத ஊர்களுக்கு வரைபடம் போடுவது அவன் பழக்கம். தெரு, ஆறு, பேருந்து நிலையம், எல்லாம் கற்பனை. அதே பைத்தியம் பிடித்தவர்கள் கூடும் ஒரு தளம் இணையத்தில் இருக்கிறது. அங்கே இவன் பெயர் 'முட்டுச்சந்து'. அங்கேதான் 'தென்மேற்கு' என்கிற பையன் பழக்கமானான். அவனுக்கும் பதினேழு வயது. ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தான். அவன் பாதியில் விட்ட ஆற்றை இவன் கடல்வரை கொண்டுபோவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"அக்கா, எனக்கு ஒருத்தனப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்குன்னா?"

"பிடிச்சிருக்குன்னா பிடிச்சிருக்கு. அந்த மாதிரிதான்."

கையிலிருந்த சட்டையை மூன்றாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தான். நான் திட்டவில்லை, அழவில்லை. "சரி, உன்னைவிட நல்லா வரைவானா?" என்றுதான் கேட்டேன். சிரித்தபடி என் தோளில் சாய்ந்துவிட்டான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், மேடம். அவன் ஒரு பையனை விரும்பியதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை.

நான்கு மாதம் வீடே கலகலப்பாக இருந்தது. தென்மேற்கு என்ன எழுதினான், இவன் என்ன பதில் போடலாம், எல்லாம் என்னைக் கேட்டுத்தான். கடவுச்சொல்கூட எனக்குத் தெரியும். பிறகு ஒருநாள் போனைப் பார்த்துத் தனக்குள் சிரித்தான். "என்னடா சொல்றான் உன் ஆளு?" என்றேன். போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ளக்கா."

மெதுவாகத்தான் சொன்னான். துரோகத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

மறுநாள் மதியம், கடையில் ஆள் இல்லாதபோது, அவன் கணக்கில் நுழைந்து தென்மேற்குக்கு எழுதினேன். "சும்மா விளையாட்டுக்குத்தான் பேசினேன். நீ எழுதினதையெல்லாம் பிரெண்ட்ஸுக்குக் காட்டிச் சிரிச்சோம். இனிமே எழுதாதே. போய்ச் சாப்பிட்டுட்டு வேலையப் பாரு." அந்தப் பையன் பதில் எழுத முடியாதபடி பிளாக் செய்துவிட்டு, தம்பியின் பக்கத்தில் நான் எழுதியதை அழித்தேன். பிறகு தென்மேற்கின் அதே பெயர், அதே படம், கடைசியில் ஒரு புள்ளி மட்டும் கூடுதலாக வைத்துப் புதுக் கணக்கு தொடங்கினேன். பழைய கணக்கு பூட்டிக்கொண்டது என்று தம்பிக்கு எழுதினேன். நம்பினான்.

அன்றிலிருந்து ஏழு மாதம் நான்தான் தென்மேற்கு. எனக்கு வரைய வராது. அதனால் மணிக்கட்டு முறிந்ததாகச் சொன்னேன். வீட்டில் கண்காணிக்கிறார்கள், போனில் பேச முடியாது என்றேன். அவன் பிரியமாக எழுதினால் படிப்பு, தூக்கம் என்று பேச்சைத் திருப்பிவிடுவேன். என்னைப் பற்றியும் எழுதினான். "அக்கா நல்லவதான். ஆனா மூச்சு முட்டுது." அதற்கும் ஆறுதலாகத்தான் பதில் போட்டேன்.

கட்டடக்கலை நுழைவுத் தேர்வு தென்மேற்கின் ஊரில் நடந்தது. தேறிவிட்டால் ஐந்து வருடம் அங்கேதான். தேர்வுக்குப் போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று காலை, அவன் ரயிலில் போய் இறங்கிய நேரத்தில், தென்மேற்கின் அண்ணன் எழுதுவதுபோல ஒரு செய்தி அனுப்பினேன். விபத்து, நினைவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவ்வளவுதான்.

அவன் தேர்வு எழுதவில்லை. மூன்று ஆஸ்பத்திரிகளில் படுக்கை படுக்கையாகத் தேடியிருக்கிறான். கடைசியில், அந்தப் பையனின் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது ஞாபகம் வந்து, விசாரித்துப் போயிருக்கிறான். முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், தென்மேற்கு இயந்திரத்தில் காகிதம் அடுக்கிக்கொண்டு நின்றானாம்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தே?" என்று கேட்டுப் போனை நீட்டினானாம்.

கடைசி வரியைப் படித்ததும் தம்பிக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சையும் சாப்பிடச் சொல்லி முடிப்பவள் நான்தான்.

அடுத்த நாள் கடைக்கு வந்தான். ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகை காட்டிக்கொண்டிருந்தேன்.

"எல்லாத்தையும் படிச்சியா?"

"உன் நல்லதுக்குத்தான்டா."

"அவன் படிப்பையே நிறுத்திட்டான்க்கா. ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்குதுன்னு ஏழு மாசமா கடையை விட்டு வெளிய வரல. நான் யாருக்குக்கா அழுதேன் இத்தனை நாளா?"

வாடிக்கையாளர் முன்னால் பேசுகிற பேச்சா என்றேன். வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். போன மாதம்தான் பதினெட்டு முடிந்திருந்தது.

அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது என முதலில் சொன்னேன். அது சரியில்லை, மேடம். திருத்திக்கொள்கிறேன். முகவரி தருகிறேன், யார் சொன்னது என்று மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம்.

தளத்தில் அவன் இன்னும் வரைகிறான். மூன்று வாரமாக அங்கே புதிதாக ஒரு பெண் வருகிறாள். கல்யாணமானவள், இரண்டு குழந்தைகள், பொறுமையாகக் கேட்பாள். எந்த ஊரில் அறை எடுத்திருக்கிறான், எந்த அச்சகத்தில் வேலை, எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை என்பது, எல்லாவற்றையும் அவளிடம்தான் சொல்கிறான். இனிமேல் யாரையும் நம்புவதாக இல்லை, உங்களைத் தவிர என்று எழுதினான். நேற்று, உங்களை அக்கா என்று கூப்பிடலாமா என்று கேட்டான்.

கூப்பிடுப்பா என்றேன்.

பார்த்தீர்களா, மேடம். அவனால் என்னை விட்டு இருக்க முடியவில்லை.