நெட்டையனும் குட்டையனும்

மாடி பஸ் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்பவர்களை எனக்குக் கடையில் மிகவும் பிடிக்கும். அப்படிப்பட்டவர்கள் பருத்தியையும் பாலியெஸ்டரையும் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் துணிதானே" என்பார்கள். எனக்கு லாபம், அவர்களுக்கு அரிப்பு.

பஸ்ஸிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும், சார். ஜவுளிக்கடைக்கு மேலே எங்கள் வீடு. ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். அங்கே இரண்டு மாடல்கள் வரும். பழையது நெட்டையன். எஞ்சின் முன்னால், டிரைவர் பக்கத்திலேயே. கிளம்பும்போது பீடிக்காரர் மாதிரி இருமும். அதன் மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணும் எங்கள் ஜன்னலும் ஒரே மட்டம். அடுத்தது குட்டையன். எஞ்சின் பின்னால், ஒரே சீரான உறுமல். உயரம் கணிசமாகக் குறைவு. அதில் இருப்பவருக்கு எங்கள் சுவர் மட்டும்தான் தெரியும்.

இரண்டையும் காதால் பிரிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அக்காவுக்கு ஒரு வாரம். அவளுக்கு வேறு வேலை இல்லை.

அக்கா ஒரு தையல்காரரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவதாக இருந்தாள். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா போன பிறகு வீட்டில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான். நான் தடுக்கவில்லை, தள்ளிப்போட்டேன். அறையின் குறுக்கே, சுவருக்குச் சுவர் கம்பி வலை அடித்தேன். கட்டிலும் குளியலறையும் அவள் பக்கம். ஜன்னல், திரைக்கயிறு, பூட்டு என் பக்கம். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. பஸ் சத்தம் உள்ளே வரும், மனிதக் குரல் வெளியே போகாது.

தையல்காரர் வந்து விசாரித்தார். "உங்களை வேண்டாம்னு சொல்லிட்டு சித்தி வீட்டுக்குப் போயிட்டா" என்றேன். பேரம்கூடப் பேசாமல் போய்விட்டார்.

அக்கா வெளிச்சம் கேட்டாள். ஒரு ஏற்பாடு செய்தேன். திரை மூடியிருக்கும்போதே, வந்து நிற்கும் பஸ் எது என்று அவள் சொல்ல வேண்டும். நான் திரையோரத்தை விலக்கிச் சரிபார்ப்பேன். ஐந்து சரியென்றால், அடுத்து வரும் குட்டையன் நிறுத்தத்தில் நிற்கிற நேரம் மட்டும் திரை திறந்திருக்கும்.

"அஞ்சு ஜாஸ்திடா. மூணு வச்சுக்கோ."

"நாலு. அக்காங்கிறதால."

"நீ கல்லாவுலயே பொறந்தவன்டா. அம்மாதான் ஆஸ்பத்திரின்னு பொய் சொல்லிட்டா."

சிரித்துவிட்டேன். அவளும் அந்தக் கடையில் வளர்ந்தவள்தானே.

ஆறு வருஷமாக அவள் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், மூன்று சரியாகச் சொல்லியிருந்தாள். திடீரென்று தலையைச் சாய்த்தாள்.

"குட்டையன்."

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. "எஞ்சினே ஓடலையே அக்கா."

"அப்படியா? காது மந்தமாயிடுச்சுடா. வயசாகுதுல்ல."

அந்த முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சத்தமே இல்லாத பஸ்ஸைச் சரிபார்க்க என்ன இருக்கிறது? தெரு காலி என்று நினைத்து, கொசுறு போடுவது போல, கயிற்றை இழுத்தேன்.

எதிரே ஒரு மாடி பஸ் நின்றது. பேட்டரியில் ஓடும் புது மாடல், நெட்டையனின் உயரம். கதவு திறக்கும்போது மட்டும் சன்னமாக ஒரு 'பீப்'. அது ஓட ஆரம்பித்து ஐந்து நாள்தானாம்; நான் கல்லாவில் குனிந்திருந்தபோதெல்லாம் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மேல்தளம் நிறைய ஆட்கள். அவள் கத்தவில்லை. வலைக்கு நடுவே விரல்களை நீட்டி, பஸ்ஸை நிறுத்துகிறவள் போல அசைத்தாள். ஒரு வரிசை முழுக்க எழுந்து நின்றது.

உங்கள் ஆட்கள் பூட்டை உடைத்தார்கள். கேட்டிருந்தால் சாவி கொடுத்திருப்பேன்.

ஆமாம், அடைத்து வைத்தது நான்தான். ஆறு வருஷம், நாலு மாதம். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: புது மாடல் வந்ததை ஐந்து நாளாக அவள் என்னிடம் மறைத்துவிட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கூடப்பிறந்தவனிடமே இப்படி ஒளிக்க அவளுக்கு எப்படி மனசு வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.