ஈக்குடித்தனம்

அந்தப் புட்டிய அங்கனயே வையி ஏத்தா. எண்ணுன ஈயவே மறுபடி மறுபடி எண்ணுற. குடித்தனம் வாரவுக நாயி, பூனைனு கொண்டாருவாக. இந்த விஸ்வநத்தத்துல ஈயக் கொண்டாந்து குடி வச்சவ நீ ஒருத்திதான் வேல்விழி. காலேசு லீவுன்னு லேப்பப் பூட்டிட்டா எம்வீடுதான் கெடச்சுச்சா... இந்த வெயிலுக்கு வீட்டுக்காரி குருவம்மாளுக்கு ஓல விசிறி, ஈக்கு ஏர்கூலரு. அழுகுன வாழப்பழ நாத்தத்துல, எதுத்த வீட்டுக் கற்பகவல்லி நான் சாராயம் காச்சுறேன்னு ஊர் பூராம் சொல்லி வச்சிருக்கா.

நான் ஒன்னய வையல. பட்டாசுக் கம்பெனில சரம் பின்னுனவன்னுதான எனக்கு ஒன் ஈ ஆராய்ச்சியச் சரத்த வச்சே சொன்ன. கருப்பு ஒடம்பும் குட்ட றெக்கையும் ஒரே சரத்துல கெடக்குற ரெண்டு வெடி. ஆத்தா சரம், அப்பன் சரம் ரெண்டையும் எங்கனயாச்சும் அறுத்து மாத்தி முடிஞ்சா, ஒட்டி இருக்கிற வெடிக ஒண்ணாவே போகும், தள்ளி இருந்தா பிரியும். அப்பிடிப் பிரிஞ்சு பெறந்ததுக நூத்துக்கு எத்தனன்னு எண்ணுனா, நடுவுல எம்புட்டுத் தூரம்னு தெரிஞ்சுரும். அம்புட்டுத்தான... எங்க மாமியா மூக்கும் மாமியா வாயும் எம்மகனுக்குப் பிரியாம அப்பிடியே வந்துருக்கு. அளந்து பாத்தா ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூலு போகாது.

அழுவாத. நீட்டு றெக்கச் சாம்பலும் குட்ட றெக்கக் கருப்பும் ஏறக்கொறையச் சமமா வரணும்ங்கிற. சாம்பலாக் கொட்டுது, கருப்பு கொறச்சலா வருதுங்கிற. இந்தத் தடவையும் தப்புனா ஆராய்ச்சிய ஏறக்கட்டிட்டு ஊருக்குப் போன்னு சொல்லிட்டாக ஒங்க சாரு. அவுகளுக்கென்ன, ஈக்குப் பழம் பெசஞ்சா வச்சாக...

ஆனா ஒம்மேலயும் தப்புருக்கு. பொட்டையப் பூராம் ஒரு புட்டில, ஆம்பளையப் பூராம் பக்கத்துப் புட்டில அடச்சு வச்ச. கூடப் பெறந்ததுகன்னா என்ன, ஈக்கு மொற தெரியுமா. நீ அந்தக் குட்ட றெக்கக் கருப்பனுகள மாப்பிள்ளையாக் கொண்டாந்து விடுற வரைக்கும், பாவம், ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டுக் கண்ணாடில முட்டிக்கிட்டே கெடந்துச்சுக. பாக்கச் சகிக்கல. அதான், நீ விருதுநகர் போயிருந்தன்னைக்கு மாத்துச் சாவியப் போட்டு ரூமத் தெறந்து, புட்டி வாயில அடச்ச பஞ்ச லேசா வெலக்கி, கூடப் பெறந்த சாம்பல் ஆம்பளைல நாலஞ்சப் பொட்டைக புட்டில விட்டேன். அதுக்கப்புறந்தான் அடங்கிச்சுக. நாலஞ்சுல ஒன் கணக்கு என்ன கொறஞ்சுறப் போகுது...

என்னத்தா, புட்டிய ஓரமா வச்சுட்ட. கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன், ரெண்டு வாய் தின்னுட்டு எண்ணு. ஒங்க சாருக்கு வேணும்னா போனப் போடு, நான் பேசுறேன். பச்சப்புள்ளய இப்பிடியா அழுக விடுவீகன்னு கேக்குறேன்...

வேல்விழி, குருவம்மாள் மேசைமேல் வைத்திருந்த மாற்றுச் சாவியை எடுத்துத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள்.