வந்துட்டேன் புகை

— அந்தத் துளைக்கிற மிஷினைக் கீழே வைம்மா. என் ஷெட்டுல, என் கண்ணு முன்னாடி, எங்க அப்பா வாங்கின எஞ்சின்ல எவரும் ஓட்டை போட முடியாது. புரிஞ்சுதா?

— ஐயா, நான் கம்பெனி ஃபிட்டர். போடுன்னா போடுவேன், வேண்டாம்னா பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன். காலையிலேருந்து ஒரு டீ கூட இறங்கலை. ஆனா பழைய எஞ்சின்ல ஓட்டை போட்டு போட்டோ அனுப்பாம, உங்க மண்ணு வெட்டுற வண்டியை நாளைக்கு ஆஸ்பத்திரி வேலைக்கு உள்ளே விட மாட்டாங்க. ரூல்ஸ் ஐயா.

— அண்ணே, இதெல்லாம் பேசித்தானே கையெழுத்துப் போட்டோம்?

— கழட்டுறதுக்குப் போட்டேன்டா. கொல்றதுக்குப் போடலை.

— அட, ஆளை விடுங்கண்ணே. புது எஞ்சின் வண்டிக்குள்ள ஏறி உக்காந்தாச்சு. பழசு தரையில கிடக்கு. அதை வெச்சு என்ன பண்ணப் போறோம்?

— நீ சும்மா இரு. ஏம்மா, எதுக்கு ஓட்டை? கழட்டினது போதாதா?

— நிறைய பேரு கழட்டி வித்துடுறாங்க ஐயா. அது இன்னொரு மண்ணு வெட்டுற வண்டியில ஏறி, அதே புகையை அடுத்த தெருவுல விடுது. அதனாலதான், இனிமே ஓடாதுன்னு காட்டச் சொல்றாங்க.

— எங்க வீட்டுல யாரும் அந்த மாதிரித் திருட்டு வேலை பண்ண மாட்டோம். என் வாக்கு போதாதா?

— வாக்கைப் போட்டோ எடுக்க முடியலையே ஐயா.

— பாத்தியாடா இவ பேசுறதை.

— சரியாத்தான்ணே பேசுது பொண்ணு.

— புது எஞ்சினைக் காலையில முடுக்கிப் பாத்தேன். உசிர் இருக்கா இல்லையான்னே தெரியலை. ஒரு சத்தம் இல்லை, ஒரு புகை இல்லை. அஞ்சு நிமிஷம் சும்மா நின்னா தானா அணைஞ்சு போகுது. எங்க அப்பா காலத்துல வேலை நேரத்துல எஞ்சினை அணைச்சா அவரு அன்னைக்குச் சாப்பிட மாட்டாரு.

— சும்மா நிக்கும்போது எதுக்கு ஐயா ஓடணும்? டீசல் வீண். பழைய எஞ்சின் டீசலை மொண்டு ஊத்தும். இது ஊசி முனையில பீய்ச்சும், முழுசா எரிச்சுடும். மிச்சம் மீதி இருக்குற கரியைப் பின்னாடி ஒரு வடிகட்டி பிடிச்சு, அதையும் எரிச்சுடும். புகைன்னா என்ன ஐயா? எரியாம வெளியே போன டீசல்தான்.

— அப்போ இத்தனை வருஷமா நாங்க டீசலை வானத்துக்கு வார்த்துக்கிட்டு இருந்தோம்ங்கிறே?

— ஆமா ஐயா.

— ஆமாங்கிறா! முகத்துக்கு நேரா ஆமாங்கிறா!

— அண்ணே, சத்தம் போடாதீங்க. ஷெட்டுக்குப் பின்னாடி மேட்டை இன்னைக்கு மத்தியானம் பூரா வெட்டிப் பாத்தேன். அதே பக்கெட், அதே மண்ணு. டீசல் மூணுல ஒரு பங்கு மிச்சம். வண்டிக்குள்ள நான் பாடினது எனக்கே கேட்டுச்சு.

— கேட்டுச்சுல்ல, அதான் கஷ்டம்.

— சிரிக்கலாம்ணே, தப்பில்லை. நான் இந்த சீட்டுல உக்காந்தே பாதி ஆயுசு போச்சு. சாயந்திரம் மூக்கைச் சிந்தினா கருப்பு. துண்டைத் துவைச்சா கருப்பு. என் பொஞ்சாதி தலையணை உறையைத் தனியா ஊற வைக்கிறா. எனக்குக் களைச்சுப் போச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி குழி வெட்டணும். ஜன்னலுக்கு ஜன்னல் நோயாளிங்க. அங்க போய் அந்தப் புகையை விட நமக்கு மனசு வருமா?

— நோயாளிங்களைச் சொல்லி என் வாயை அடைக்கிறியா?

— வேலை போயிடும்னு சொல்லி அடைக்கிறேன். நமக்கு இருக்குறது ஒரே வண்டி. இந்த வேலை கையை விட்டுப் போச்சுன்னா, அடுத்த வேலையிலயும் இதே ரூல்ஸ்தான். அப்புறம் நீங்களும் நானும் கதவுல எழுதியிருக்குற அப்பா பேரைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

— அப்பா பேரை இதுல இழுக்காதே.

— நீங்கதானே இழுத்தீங்க?

— ஐயா, வெளிச்சம் போறதுக்குள்ள போட்டோ எடுக்கணும்.

— சரி. ஒரு வழி சொல்றேன். இதைக் கட்டை மேல உக்கார வெச்சிடுங்க. நாலு போல்ட்டு. பக்கத்துல ஒரு டீசல் கேன். ஷெட்டை விட்டு வெளியே போகாது. யாருக்கும் விக்க மாட்டேன். சாயந்திரம் ஒரே ஒரு தடவை முடுக்கிட்டு அணைச்சிடுவேன்.

— முடுக்கி? எதை ஓட்டப் போறீங்க ஐயா? பம்பா?

— ஒண்ணையும் இல்லை. சும்மா.

— சும்மாவா?

— துருப் பிடிக்காம இருக்கும்.

— அண்ணே.

— என்னடா?

— சாயந்திரமா?

— ஆமா.

— ஒரே ஒரு தடவை?

— காதுல விழலையா உனக்கு?

— வந்துட்டேனுக்கா?

— ...வாயை மூடு. வெளி ஆள் இருக்கும்போது வீட்டு விஷயம் பேசாதே. ஏம்மா, நீ காலையிலேருந்து டீ குடிக்கலைன்னியே. தெருமுனையில கடை இருக்கு. என் பேரைச் சொல்லு, நல்லா போட்டுத் தருவான். மெதுவா வா.

— அந்த மிஷினை இங்கேயே வைக்கலாமா ஐயா? கனம்.

— வை. நான் அதைத் தின்னுட மாட்டேன்.

— பொண்ணு போயிடுச்சுண்ணே. இப்போ சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல? உனக்குத் தெரியாதா? வண்டி ஷெட்டுக்குத் திரும்பினதும், அணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு முறுக்கு முறுக்கி, கன்னங்கரேல்னு ஒரு புகை விடுறது அப்பா வெச்ச வழக்கம். அங்க வீட்டு மாடியிலேருந்து அம்மா பாப்பாங்க. இறங்கி வந்து குளிக்கத் தண்ணி வைப்பாங்க. அதுக்கு 'வந்துட்டேன்'னு பேரு வெச்சதும் அப்பாதான்.

— எனக்குத் தெரியாதா? 'டேய், ஒரு வந்துட்டேன் விடுடா'ம்பாரு. அம்மா சிரிப்பாங்க. வீட்டுக்குள்ள வந்து அவரு 'வந்துட்டேன்'னு வாயால ஒரு தடவை கூடச் சொன்னதில்லை.

— அதே வழக்கம்தான் எனக்கும் உன் அண்ணிக்கும். இங்க நின்னா நம்ம மாடி தெரியுது பாரு, அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. புகை விட்டுட்டுப் பாப்பேன். நின்னுக்கிட்டு இருப்பா. உடனே இறங்குவா. நான் வீட்டுக்குப் போனா தண்ணி சுடச்சுட இருக்கும்.

— சரி. இனிமே ஃபோன் பண்ணிச் சொல்லுங்க.

— உன் அண்ணி என்கிட்டப் பேசி நாலு வருஷம் ஆகுதுன்னு உனக்குத் தெரியாதா?

— ஊருக்கே தெரியும்ணே.

— ஊருக்குத் தெரியாது! ஒருத்தருக்கும் தெரியாது!

— சரி சரி, ஊருக்குத் தெரியாது.

— என் பொண்ணு தான் விரும்பினவனைக் கட்டிக்கிட்டா. இந்த வீட்டுப் படி ஏறாதேன்னு சொன்னேன். குடும்பத்துக்கு ஒரு மரியாதை இருக்கா இல்லையா? உன் அண்ணி அன்னைக்கு மூடின வாய்தான். சாப்பாடு வரும், துணி மடிச்சு வரும், பேச்சு வராது.

— நீங்க முதல்ல ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

— நானா? நான் முதல்லயா?

— யாராவது ஒருத்தர் முதல்லதானே பேச முடியும்?

— அவ பேசலைன்னாலும் புகையைப் பாத்து இறங்கிப் போய்த் தண்ணி வெச்சா இல்லையா? அது ஒண்ணுதான்டா மிச்சம். நான் வந்துட்டேன்கிறேன், அவ சரிங்கிறா. ஒரு நாளைக்கு ஒரு பேச்சு. இந்த எஞ்சின்ல ஓட்டை போட்டா அதுவும் நின்னு போகும். அப்புறம் நான் எந்த முகத்தோட வீட்டுக்குள்ள போவேன்?

— அண்ணே, அப்படி அந்தக் கட்டை மேல உக்காருங்க.

— எதுக்கு?

— உக்காருங்கன்னா உக்காருங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அண்ணி என்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காங்க. போகட்டும், நான் உடைச்சுடுறேன். அண்ணிக்கு அந்தப் புகை தெரியாதுண்ணே.

— என்ன உளர்றே?

— ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து ஒண்ணரை வருஷம் ஆச்சு. பக்கத்துல இருக்குறது நிழல் மாதிரித் தெரியும். மாடிக்கு ஏறி நின்னா எதிரே பாலை ஊத்தி வெச்ச மாதிரி இருக்குன்னாங்க.

— பொய். நான் அதே வீட்டுலதானே இருக்கேன்?

— அதே வீட்டுலதான் இருக்கீங்க.

— டம்ளரை மேஜை விளிம்புல வைக்கிறாடா. ரெண்டு தடவை விழுந்து உடைஞ்சுது. கோபத்துல வைக்கிறான்னு நினைச்சேன்.

— ம்.

— சட்டைக்குப் பட்டன் தைச்சா, ஒரு கட்டம் தள்ளித் தைச்சிருந்தா. வேணும்னே செய்றான்னு, அதே சட்டையை அப்படியே கோணலாப் போட்டுக்கிட்டு ஊர் பூரா சுத்தினேன்.

— பாத்தேன். அது என்ன புது ஃபேஷனான்னு கேக்கலாம்னு இருந்தேன். உங்க மூஞ்சியைப் பாத்துட்டு விட்டுட்டேன்.

— புகை தெரியாதுன்னா, எப்போ இறங்கணும்னு அவளுக்கு எப்படிடா தெரியுது?

— எனக்கு ஃபோன் பண்ணுவாங்க. தினமும் இந்த நேரத்துக்கு. 'தம்பி, வந்துட்டேன் விட்டாச்சா, நான் இறங்கட்டுமா'ன்னு. விட்டாச்சு அண்ணி, இறங்குங்கன்னுவேன்.

— நான் எங்கே இருப்பேன் அப்போ?

— கை கழுவிக்கிட்டு இருப்பீங்க. என் பொஞ்சாதிகிட்டப் பேசுறேன்னு நினைச்சு, 'வீட்டுக்குப் போறதுக்குள்ள அப்படி என்னடா பேச்சு'ன்னு என்னை வைவீங்க.

— வண்டி படுத்துக் கிடந்த வாரம்? அப்போ ஏது புகை?

— அப்பவும் விட்டாச்சுன்னேன். இன்னைக்கு ரொம்பக் கருப்பு அண்ணி, அண்ணன் கோபமா இருக்காரு போலன்னேன்.

— அந்த வாரமும் தண்ணி சூடாத்தான் இருந்துச்சு. நான் அதை யோசிக்கவே இல்லை பாரு. கண்ணு தெரியாம எதுக்குடா மாடி ஏறுறா? படியில கைப்பிடி கூட இல்லையே!

— நானும் கேட்டேன். 'உங்க அண்ணன் புகை விட்டுட்டு மாடியைத்தான் பாப்பாரு, அங்க ஆள் இல்லைன்னா அவரு ராத்திரி சரியாச் சாப்பிட மாட்டாரு'ன்னாங்க.

— நான் பாக்குறது அவளுக்கு எப்படித் தெரியும்?

— நான்தான் சொன்னேன். வேற யாரு? நாலு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரன் நான்தானே. இந்த எஞ்சினை விட எனக்குத்தான்ணே தேய்மானம் ஜாஸ்தி.

— வைத்தியம் பாக்கலையா?

— சின்ன ஆபரேஷன்தானாம். நான் கூட்டிட்டுப் போறேன்னேன். 'கூட்டிட்டுப் போக வேண்டியவர் கேக்கட்டும்'னுட்டாங்க. உங்களுக்குக் கொஞ்சமும் குறைஞ்ச ஆள் இல்லை அவங்க.

— எந்த ஆஸ்பத்திரி?

— நாளைக்கு எதுக்குப் பின்னாடி குழி வெட்டப் போறோமோ, அதேதான்.

— ஐயா, டீ நல்லா இருந்துச்சு. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. என்ன முடிவு? பெட்டியைக் கட்டட்டுமா?

— போடும்மா.

— எதை? பெட்டியையா?

— ஓட்டையைப் போடுன்னேன். எங்கே போடணும்?

— இந்தப் பக்கவாட்டுல. பெரிய ஓட்டையா ஒண்ணு. நீங்க வேணும்னா வெளியே நில்லுங்க ஐயா. சில பேரு பாக்க மாட்டாங்க.

— எங்க வீட்டு எஞ்சின். நான் நின்னு பாப்பேன். தம்பி, அதை ஆடாமப் பிடிடா.

— பிடிச்சிருக்கேன்ணே.

— காதைப் பொத்திக்கோங்க ஐயா.

— வேண்டாம். இத்தனை வருஷம் அது சத்தத்தைக் கேட்டாச்சு. இதையும் கேக்குறேன்.

— ...முடிஞ்சுது. கொஞ்சம் நகருங்க, வெளிச்சம் மறைக்குது. போட்டோவுக்கு ஒண்ணு. இன்னொண்ணு. அவ்வளவுதான்.

— கருப்பா வழியுதே, என்ன அது?

— பழைய ஆயில் ஐயா. கொஞ்ச நேரத்துல நின்னுடும்.

— டேய், உன் பாக்கெட்ல ஃபோன் அடிக்குது.

— அண்ணிதான். நேரம் ஆயிடுச்சுல்ல. என்னண்ணே சொல்றது? விட்டாச்சுன்னே சொல்லிடவா?

— மாடியில நிக்கிறா பாரு. தொட்டிக்குப் பக்கத்துல.

— அண்ணே, அடிச்சுக்கிட்டே இருக்கு.

— கொடு இப்படி.

— இருங்க, பட்டனை நான் அமுக்கித் தரேன். ம், பேசுங்க.

— தம்பி? ஏன் இவ்வளவு நேரம்? வந்துட்டேன் விட்டாச்சா? நான் இறங்கட்டுமா?

— ...

— தம்பி? யாரு? யாரு பேசுறது?

— வந்துட்டேன். நீ அங்கேயே நில்லு, நான் வந்து கையைப் பிடிச்சு இறக்குறேன்.